நான் வெளியே போகாத அரை மணித்தியாலம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இருபது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்பதரைக்கு நான் ஒருவருக்குத் தொலைபேசி எடுக்கவேண்டியிருந்தது. அதற்கிடையில் ஒரு விண்ணப்பத்தின் முதல் பக்கத்தையாவது பார்த்துவிடலாமே என்று கணினியின் மூலையில் மணியைப் பார்த்தேன். பத்து நிமிடம் இருந்தது. திறந்தேன். ஒன்பதரைக்கு எடுக்கவேண்டிய தொலைபேசியை அன்று நான் எடுக்கவேயில்லை.

எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மலரின் பொறுப்பாளர் போன மாதம் கடையில் என்னைக் கண்டு மறித்தார். “அண்ணை, டென்மார்க்கிலை படத்துறையிலை உத்தியோகம் பார்த்த முதல் தமிழ் ஆள் நீங்கள்தான். பிள்ளையளுக்கு ஊக்கமா நாலு பக்கம் எழுதித் தாங்கோ.”

“ஊக்கமா எழுதத் தெரியாது தம்பி.”

“அப்ப என்னத்தை எழுதுவியள்?”

“நடந்ததை எழுதுவன். வாசிச்சுப்போட்டு, போடலாமெண்டாப் போடுங்கோ.”

அவர் தலையாட்டினார். ஆனால் முகத்தில் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. கேட்கவேண்டியவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். நிதியத்தின் பெயரை எழுதவில்லை, என் பெயரையும் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊர் ஹொல்ஸ்டெப்ரோவில் இருப்பவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். பரவாயில்லை.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது எங்கள் எல்லோருக்கும் ஒரே கதைதான். இருபது வயதில் வந்தேன். எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலை. மாலையில் டேனிஷ் வகுப்பு. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த போலந்துக்காரி கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வாள், என் கை மீன் மணக்கும். பிறகு வணிகப் பாடசாலை, நகரசபையில் கோவைகள் அடுக்கும் வேலை, கலியாணம், ஒரே மகள். முப்பத்தெட்டாவது வயதில் ஒரு பிராந்தியத் திரைப்பட நிதியத்தில் செயலாளராகச் சேர்ந்தேன். படம் எடுக்க விரும்புகிறவர்கள் கதையையும் திட்டத்தையும் அனுப்புவார்கள். நிதியம் வாசித்து, கூடிப் பேசி, எதற்கு உதவுவது, எதற்கு இல்லை என்று முடிவெடுக்கும். படங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கோவைகளைப் பற்றித் தெரியும். அதனால்தான் எடுத்தார்கள்.

என்னை எடுத்தவர் ரெனாத்த. ஹாம்பர்க்கில் இருபது வருடம் படத் தயாரிப்பாளராக இருந்துவிட்டு எல்லை தாண்டி வந்து எங்கள் நிதியத்துக்குத் தலைவியானவர். ஜேர்மன்காரி. டேனிஷை ஜேர்மன் மாதிரியே பேசுவார், வினைச்சொல் எல்லாம் கடைசியில் வந்து வரிசையில் நிற்கும். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. என் டேனிஷுக்குப் பின்னாலும் ஆரோ சிரித்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவர் வாசிப்பது நின்றுகொண்டு. நெஞ்சளவு உயரமான ஒரு மேசை வைத்திருந்தார். இருந்து வாசித்தால் எழுதியவன் மேல் இரக்கம் வந்துவிடும் என்பார். கையில் பென்சில். ஓரத்தில் “நன்று” என்றோ “மோசம்” என்றோ ஒருநாளும் எழுதியதில்லை. கேள்வி மட்டும்தான் எழுதுவார். “இவள் ஏன் இந்த வீட்டை விட்டு முதலே போகவில்லை?” “இந்தக் காட்சியில் நாய் எங்கே?” சில விண்ணப்பங்கள் எண்பது கேள்வியோடு திரும்பும். எண்பது கேள்வி வந்தால் நல்ல சகுனம். ஒரு கேள்வியும் இல்லாமல் வந்தால் அந்தப் படம் செத்துவிட்டது.

மறுக்கப்பட்டவர்களுக்குக் கடிதம் போவதற்கு முதல், காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில், அவரே தொலைபேசி எடுப்பார். “மறுப்பை மனிதக் குரலில் கேட்கவேண்டும். அதன்பிறகு அவர்களுக்குக் கோபப்பட ஒரு முழுப் பகல் மிச்சம் இருக்கவேண்டும்” என்பது அவருடைய சட்டம். சிலர் திட்டுவார்கள். ஒரு தயாரிப்பாளர் ஒருமுறை அழுதார். ரெனாத்த அவர் அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டு, “ஓரத்தில் எழுதிய இரண்டாவது கேள்வியைச் சொல்லலாமா?” என்று கேட்டதை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன்.

இன்னொரு வழக்கம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். கூட்டத்தில் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எடுக்கும்போது மேசையைச் சுற்றிப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்: “இந்தத் தாள்களில் இருக்கிற யாருடைய குசினியிலாவது சாப்பிட்டவர்கள் இருக்கிறீர்களா?” சட்டத்தில் இதற்கு நீளமான வாசகம் உண்டு, உறவினர், நண்பர், பகைவர் என்று. ரெனாத்தவுக்குக் குசினி போதும், ஒருவருடைய சமையலறையில் சாப்பிட்டவன் அவருக்கு வேண்டியவன். சாப்பிட்டவர் எழுந்து கோப்பியோடு வெளியே போகவேண்டும். அந்த விண்ணப்பம் முடிய உள்ளே வரலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, ஒருவரும் கேட்கவும் மாட்டார்கள். எங்கள் மூத்த ஆலோசகர் லார்ஸ், முந்தி ஒளிப்பதிவாளராக இருந்தவர், அரைவாசிக் கூட்டம் வெளியில்தான் நிற்பார். “லார்ஸ், நீ நாடு முழுக்கச் சாப்பிட்டிருக்கிறாய்” என்று ரெனாத்த சொல்வார். ஒருதடவை ரெனாத்தவே எழுந்து போனார். விண்ணப்பித்தவரின் நாயை ஒரு கோடை விடுமுறைக்குத் தான் வைத்துப் பார்த்தாராம்.

இப்போது அந்தக் கேள்வி இல்லை. கணினியில் ஒரு பெட்டிக்குள் அடையாளம் போட்டால் சரி. அண்மையில் அங்கே சேர்ந்த ஒரு பிள்ளை என்னிடம், “அப்படி உண்மையாகவே வாயால் கேட்பார்களா, கூச்சமாக இருக்காதா?” என்று கேட்டாள். கூச்சமாகத்தான் இருக்கவேண்டும், அதற்காகத்தான் கேட்டார்கள் என்று சொன்னேன்.

செயலாளராக இருந்த நான் எப்படி ஆலோசகர் ஆனேன் என்பதையும் சொல்லவேண்டும், என் வேலை வாழ்க்கையில் பெருமைப்படக்கூடிய கதை அது ஒன்றுதான். கடற்கரையில் நடக்கும் ஒரு படத்தின் திட்டத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் மாதம், வெளிப்புறம், பகல், நாளுக்குப் பத்து மணித்தியாலப் படப்பிடிப்பு என்று இருந்தது. எங்கள் பக்கம், யூலாந்தில், டிசம்பரில் ஏழு மணித்தியாலம்தானே வெளிச்சம். மூன்று ஆலோசகர்கள் வாசித்திருந்தார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. நான் ரெனாத்தவின் மேசைக்குப் போய், இவர்கள் மூன்று மணித்தியாலம் எந்தச் சூரியனை வைத்து எடுப்பார்கள் என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“உனக்கு இது எப்படித் தெரிந்தது?”

“வந்த முதல் வருடம் நான் ஒவ்வொரு நாளும் வெளிச்சத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.”

அவர் சிரிக்கவில்லை. தன் பென்சிலை என்னிடம் தந்து, “நீயே எழுது” என்றார். அடுத்த வருடம் நான் ஆலோசகர். கூட்ட மேசையில் எனக்கும் ஒரு கதிரை வந்தது.

ஒருமுறை படப்பிடிப்பு நடக்கும் இடமொன்றைப் பார்க்க நாங்கள் இருவரும் காரில் போனோம். போகும் வழியில் அவர், படத் தயாரிப்பைத் தான் விட்டது ஏன் என்று சொன்னார். வட ஜேர்மனியில் ஒரு கிராமம். ஒரு ஆவணப்படம். அதில் ஒரு வயதான விதவை, தன் புருஷன் தன்னை என்ன பாடுபடுத்தினான் என்று சொல்வார். முகத்தைக் காட்டத் தயங்கினாராம். ரெனாத்ததான் மூன்று தரம் அவருடைய வீட்டுக்குப் போய், கேக் சாப்பிட்டு, பேசிச் சம்மதிக்க வைத்தார். படம் நல்ல பெயர் எடுத்தது. கிராமத்தில் பாண் வாங்கும் வெதுப்பகத்தில் அந்தப் பெண்ணுக்குக் காலை வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் அவர் ஊரை விட்டே போனார். “ஒவ்வொரு நத்தாருக்கும் எனக்கு வாழ்த்து மடல் அனுப்பினார். என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்” என்றார் ரெனாத்த. அந்தக் கதையை அவர் வேறு ஒருவருக்கும் சொன்னதில்லை என்று பிறகு அறிந்தேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

விண்ணப்பித்தவள் ஒரு தமிழ்ப் பிள்ளை. நிலானி என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைநகருக்குப் பக்கத்துப் புரொண்பியில் பிறந்து வளர்ந்தவள், திரைப்படப் பாடசாலை முடித்தவள். எனக்கு முன்பின் தெரியாது. விண்ணப்பத்தில் தமிழ்ப் பெயரைக் கண்டதும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஆவணப்படம். டென்மார்க்கில் பிறந்த மூன்று தமிழ்ப் பெண்கள், மூவரும் டேனிஷ் பெடியன்களோடு வாழ்கிறார்கள், வீட்டில் தெரியாது. மூன்றாமவளைப் பற்றிய பகுதிக்கு வந்தேன். இருபத்தாறு வயது, ஓகூஸ் நகரில் ஆய்வுகூட வேலை. இரண்டு ஞாயிறுக்கு ஒருக்கால் மேற்கு யூலாந்துக்குத் தாய் தகப்பனைப் பார்க்கப் போவாள். ஊர் வருவதற்கு முதல் ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி உடுப்பு மாற்றுவாள். அவளுடைய தகப்பன் ஐஸ்கிறீம் பெட்டிகளில் கறி போட்டு, மூடியில் தமிழில் என்ன கறி, எத்தனை நிமிடம் சூடாக்கவேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். அவளோடு இருக்கிற மத்தியாஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் எழுத்தின் வடிவத்தை வைத்தே எது கோழி, எது பருப்பு என்று சொல்லப் பழகிவிட்டான்.

அந்த மூடிகளில் எழுதுகிறவன் நான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் தொலைபேசியில் கதைக்கும்போது பின்னால் ஆரோ கோப்பை கழுவும் சத்தம் கேட்கும். “அது மாரியா அப்பா, என்ரை ரூம்மேற்” என்பாள். மாரியாவுக்கு நான் ஒரு தீபாவளிக்கு முறுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

அன்றும் மறுநாளும் நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெளிவாக நினைவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். மனைவி சாந்தி வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறாள், களைத்து வருவாள், அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் மனதில் ஓடியது மகளைப் பற்றி அல்ல. இதைத்தான் எழுத வெட்கமாயிருக்கிறது. என் மனதில் ஓடியது ஒரு மண்டபம். எங்கள் கலியாண மண்டபம், நானூறு பேர், நான் உள்ளே வருகிறேன், கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்துகிறார்கள். படம் வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். நிலானியின் விண்ணப்பம் இரண்டாவது. ரெனாத்த வழமைபோல் மேசையைச் சுற்றிப் பார்த்தார். “இந்தத் தாள்களில் இருக்கிற யாருடைய குசினியிலாவது?”

லார்ஸ், “ஆச்சரியம், நான் இன்றைக்கு உள்ளேயே இருக்கலாம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரெனாத்தவின் பார்வை என்னிடம் வந்தது, ஒரு தமிழ் விண்ணப்பம் என்பதால் கொஞ்சம் கூடுதலாக நின்றது.

“இல்லை,” என்றேன்.

நிலானியின் வீட்டில் நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை, ஆகவே அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாள்களில் இருக்கிற யாருடையதாவது என்றுதான் கேள்வி. அந்தத் தாள்களில் என் சொந்தக் குசினி இருந்தது.

லார்ஸ் முதலில் பேசினார். இந்த வருடம் தான் வாசித்ததில் இதுதான் சிறந்தது என்றார். அந்த மூன்றாவது பெண்ணின் தகப்பனைத் தனக்கு நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றும் சொன்னார். ரெனாத்தவின் பிரதியில் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. அவர் என் பக்கம் திரும்பினார். “இந்த உலகம் உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து வருமா?”

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதிலைக் காரில் வரும்போதே டேனிஷில் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

“எங்கள் சமூகம் சிறியது. பெயரை மாற்றினாலும் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்தால் குடும்பத்துக்குள் வன்முறை நடக்காது என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது.”

“அந்த அளவுக்கா?” என்றார் லார்ஸ்.

“சில வீடுகளில்,” என்றேன்.

அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இதைப் பற்றி என்னிடம் குறுக்குக் கேள்வி கேட்க ஒரு டேனிஷ்காரனுக்கும் நாக்கு வராது என்று எனக்குத் தெரியும். அவர்கள் பத்திரிகையில் வாசித்தது எல்லாம் என் இரண்டு வசனங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. வெளிநாட்டுத் தகப்பன்மார், மகள்மார், மானம். இதே லார்ஸோடு அதற்கு இரண்டு வருடம் முந்தி மதியச் சாப்பாட்டு மேசையில், “எல்லோரையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டாதே, என் வாழ்நாளில் நான் என் மகளுக்குக் கை ஓங்கியதில்லை” என்று சண்டை பிடித்தவன் நான். இப்போது அந்தச் சாக்கை நானே எடுத்து, என் ஊர்ச் சனம் முழுவதையும் அதற்குள் போட்டு, வாயைக் கட்டி மேசையில் வைத்தேன்.

ரெனாத்த யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். வெதுப்பகத்தில் வணக்கம் கிடைக்காத அந்தக் கிழவியை. அதை நம்பித்தான் நான் அந்தப் பதிலைத் தயார் செய்திருந்தேன். “அப்படியானால் நாங்கள் தொடக்கூடாது,” என்றார். கூட்டக் குறிப்பில் என் இரண்டு வசனங்களும் என் பெயரின் முதலெழுத்துகளோடு பதிவாகின. நான் வெளியே போயிருக்கவேண்டிய நேரம் முழுதும் அரை மணித்தியாலம்.

கூட்டம் முடிந்து போகும்போது லார்ஸ் என் தோளில் கை வைத்தார். “மன்னித்துக்கொள். நீ இதை எவ்வளவு சுமந்துகொண்டு இருந்திருக்கிறாய் என்று எனக்கு விளங்கவில்லை” என்றார். நான் அவருடைய கையை எடுத்துவிடவும் இல்லை, மறுத்துச் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை காலை ரெனாத்த என் அறைக்கு வந்தார். “நிலானிக்கு நீ எடு. அந்தக் காரணங்கள் உன்னுடையவை, என் வாயில் பொருந்தாது.”

ஒன்பதே காலுக்கு எடுத்தேன். டேனிஷில் தொடங்கினேன். என் பெயரைச் சொன்னதும் அவள் இடைமறித்தாள்.

“அங்கிள், நீங்கள் தமிழோ? அப்ப தமிழிலையே கதைப்பம். எனக்குப் பழகவேணும்.”

“ஓம் பிள்ளை. சொல்லுறதுக்குக் கஷ்டமான விஷயம். உம்மடை படத்துக்கு எங்களாலை உதவ ஏலாமல் கிடக்கு.”

“சரி,” என்றாள். “ஏனெண்டு சொல்லலாமோ?”

“அந்தப் பிள்ளையளுக்கு வீட்டிலை பிரச்சினை வரலாம். அடி கிடி எண்டு.”

“ஆர் அங்கிள் அடிப்பினம்?”

“நான் பொதுவாச் சொல்லுறன்.”

“நான் அவையின்ரை அம்மாமாரோடை கதைச்சிருக்கிறன் அங்கிள். விண்ணப்பம் அனுப்பினதுக்குப் பிறகு ரெண்டு வீட்டிலை சொல்லியாச்சு, அப்பாமாரும் இப்ப ஓகே. ஒராளின்ரை அப்பாவைத்தான் இன்னும் பாக்கேல்லை. அவர் சரியான நல்லவராம். அவள் பயத்திலை சொல்லாமல் இருக்கேல்லை. அவர் கவலைப்படுவார் எண்டுதான்.”

“ஓ,” என்றேன்.

“சரி அங்கிள். நீங்களே எடுத்துச் சொன்னதுக்கு நன்றி.”

அந்த நன்றியோடு நான் மூன்று கிழமை வேலை செய்தேன்.

டென்மார்க்கில் விண்ணப்பித்தவருக்குத் தன் கோவையைப் பார்க்கும் உரிமை உண்டு. அக்ட்இன்சிக்ட் என்பார்கள். கோரிக்கை வந்தால் கோவையை அனுப்புவது நிதியத்தில் என்னுடைய வேலை. நான் செயலாளராக இருந்த நாளிலிருந்து என் வேலை. நிலானி கேட்டிருந்தாள். கூட்டக் குறிப்பை நானே இணைத்து அனுப்பினேன். அந்தப் பக்கத்தை மறைக்க எனக்குச் சட்டத்தில் இடமில்லை. மறைக்கலாமா என்று தேடிப் பார்த்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்து, ஒரு புதன் பின்னேரம், கைத்தொலைபேசிக்கு மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. நிலானி அவளுக்கு அனுப்பிய கூட்டக் குறிப்பின் பக்கம். என் முதலெழுத்துகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே டேனிஷில் ஒரு வரி: “இதை எழுதினது நீங்களா?”

ஓம் என்று மட்டும் எழுதி அனுப்பினேன். பிறகு தொலைபேசி எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். பனி பெய்தால் மூன்று தரம் எடுத்துக் கேட்கிற தகப்பன் நான், அவள் ஒருநாளும் எடுக்காமல் விட்டதில்லை.

வீட்டுக்குப் போனேன். சாந்தி கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“உமக்கு மத்தியாஸ் எண்டு ஆரையும் தெரியுமோ?”

அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. “ஓம். ஒரு வருசமாத் தெரியும். நல்ல பெடியன். கொஞ்சம் மெலிவு.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“உங்களுக்குச் சொன்னா நீங்கள் நித்திரை கொள்ளமாட்டியள். நீங்கள் கொள்ளாட்டி நானும் கொள்ளேலாது. எனக்குக் காலமை ஆறரைக்கு வேலை.” கத்தியை வைத்தாள். “அவள் தானே சொல்லத்தான் இருந்தவள். அந்தப் படத்தை எடுத்து முடிச்சிட்டு முதல் உங்களுக்குப் போட்டுக் காட்டுறது எண்டு. அப்பாவுக்கு வாயாலை சொன்னா நடுவிலை நிப்பாட்டிப் போடுவார், படமெண்டா கடைசி மட்டும் இருந்து பாப்பார் எண்டவள். அந்தப் பிள்ளை உங்கடை இடத்துக்கே விண்ணப்பம் போட்டது இவளுக்குத் தெரியாது.”

நான் கதிரையில் இருந்தேன்.

“இண்டைக்கு மத்தியானம் எனக்கு எடுத்தவள்,” என்றாள் சாந்தி. “அப்பா உண்மையாவே அப்பிடி யோசிக்கிறவரோ எண்டு கேட்டவள். நான் என்னத்தைச் சொல்ல? எங்கடை வீட்டிலை ஆர் ஆருக்கு அடிச்சது, சொல்லுங்கோ பாப்பம். குளவி வந்தாலும் யன்னலைத் திறந்து கும்பிட்டு அனுப்புற மனுசன் நீங்கள்.”

“நான் அப்பிடி யோசிக்கேல்லை.”

“அப்ப ஏன் எழுதினனீங்கள்?”

சனத்துக்குப் பயந்து என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பவும் கத்தியை எடுத்து வெட்டத் தொடங்கினாள்.

மறுநாள் காலை ரெனாத்தவின் உயர்ந்த மேசைக்கு முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மூடிகளில் எழுதுகிறவன் நான் என்பதிலிருந்து, அவர் காரில் சொன்ன கதையை நான் வேண்டுமென்றே பாவித்தேன் என்பது வரை. அவர் பென்சிலைப் படுக்க வைத்தார்.

“நான் கேள்வி கேட்டபோது உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நான் உன்னைக் கோப்பியோடு வெளியே அனுப்பியிருப்பேன். அவ்வளவுதான். ஒருவரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.”

“தெரியும்.”

அவர் செய்யவேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார், ஒரு படப்பிடிப்பு நாளைப் பிரித்துத் தருவது மாதிரி. அந்த முடிவு செல்லாது. வேறு ஊரிலிருந்து இரண்டு பேரை அழைத்து விண்ணப்பத்தைப் புதிதாக வாசிக்கவேண்டும். என் வசனங்களுக்குக் குறுக்கே கோடு போடப்படும், ஆனால் அழிக்கப்படாது. “கோவையை நாங்கள் கழுவுவதில்லை,” என்றார். நிலானிக்கு அவரே எடுப்பார். நான் அவளுக்கு என் பெயரில் கடிதம் எழுதவேண்டும், நிதியத்தின் தாளில் அல்ல. போகும்போது, “அந்தக் கிழவியை நீ அந்த மேசைக்குக் கொண்டுவந்திருக்கக்கூடாது,” என்றார். அவர் என்னிடம் சொன்னதில் கடுமையானது அது ஒன்றுதான். அன்று பின்னேரமே நான் விலகல் கடிதம் கொடுத்தேன். அவர் வாசித்தார், ஓரத்தில் ஒரு கேள்வியும் எழுதவில்லை.

புதிதாக வாசித்தவர்கள் நிலானியின் படத்துக்குச் சம்மதித்தார்கள். ஆனால் இப்போது அதில் இரண்டு பெண்கள்தான். மூன்றாமவள் தானாக விலகிக்கொண்டாள் என்று நிலானி எனக்கு எழுதிய பதிலில் இருந்தது. வேறு ஒன்றும் எழுதவில்லை. அங்கிள் என்றும் எழுதவில்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த விண்ணப்பத்தின் பக்கம். பல தரம் நினைவில் வாசித்திருக்கிறேன். அந்தத் தகப்பனைப் பற்றி அதில் ஒரு குறைச் சொல் இல்லை. மூன்று பகுதியிலும் அதுதான் அன்போடு எழுதப்பட்ட பகுதி. முப்பது வருடம் கோவைகள் வாசித்து உத்தியோகம் பார்த்தவன், வாசித்துத்தான் சம்பளம் வாங்கியவன், தன்னைப் பற்றிய ஒரு பக்கத்தை வாசிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறான்.

நாலு மாதம் மகள் என்னோடு பேசவில்லை. சாந்தியோடு பேசுவாள். நான் குசினிக்குள் வந்தால் சாந்தி தொலைபேசியோடு மாடிக்குப் போவாள். ஓகூஸில் பனி என்று செய்தியில் சொன்னால் நான் எடுப்பதில்லை, செய்தியை முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். ஐம்பத்தேழு வயதில் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறவனைச் சனம் என்ன சொல்லும் என்று நான் பயந்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கோயிலில் ஒருவர், “என்ன அண்ணை, வெள்ளனவே ஓய்வெடுத்திட்டியள், குடுத்து வைச்சனீங்கள்” என்றார். நான் கண்ட அந்த மண்டபமும் நானூறு பேரும் வேறு ஒரு இடத்திலும் இல்லை, என் மண்டைக்குள்தான் இருந்தார்கள்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணியிருக்கும். வாசல் மணி அடித்தது. சாந்தி வேலையில். கதவைத் திறந்தேன். உயரமான, மெலிந்த ஒரு பெடியன் நின்றான், சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கிறவன் மாதிரி ஒரு காலைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு. நான் இதற்கு முதல் அவனைக் கண்டதில்லை. ஆனால் ஆரென்று தெரிந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு என் இரண்டு கைகளையும் பார்த்தான். அதை நான் கவனித்தேன் என்று கண்டதும் அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“நான் மத்தியாஸ்,” என்றான் டேனிஷில். “அவள் காரில் இருக்கிறாள். முதலில் என்னைத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.”